மாப்பிள்ளையின் கையில் சான்ட்பேப்பர்

நானுஓயா

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தோம். வளைவில் உங்கள் பொம்மைக் கோச்சி திக்கித் திக்கி நிற்பதும், பேரன் அதை விரலால் தள்ளிவிடுவதும் பார்த்து அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. எனக்கு மாப்பிள்ளையின் கையிலிருந்த சான்ட்பேப்பர்தான் கண்ணில் பட்டது. முதலில் அதை எடுத்து ஒளித்து வை.

தேய்த்தால் தண்டவாளம் பளபளக்கும், உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் விழும். அடுத்த முறை அழுக்கு அந்தக் கீறல்களில்தான் போய் உட்காரும், துடைத்தாலும் வராது. தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது மோட்டார் சுவிட்ச் பாயின்டுகளில் இதைத்தானே தினமும் பார்த்தேன்.

நம் வீட்டுக்குக் கீழே ஓடுகிற பதுளைக் கோச்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. டீசல் இன்ஜின் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்த 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை பாரத்தைத் தாங்கினால் போதும். மழையில் சக்கரம் வழுக்கினால் டிரைவர் தண்டவாளத்தில் மணலை விழ வைப்பார். உங்கள் மேசையில் இருப்பது 16.5 மில்லிமீட்டர் பாதை, அது கரண்டையும் கொண்டுபோக வேண்டும். சக்கரம் ஓடும்போது தண்டவாளத்தில் சின்னச் சின்னப் பொறி பறக்கும். அந்தக் கரியோடு தூசியும், அச்சுக்கு அளவுக்கு மீறி விட்ட எண்ணெயும் சேர்ந்துதான் அந்தக் கறுப்புப் பிசுக்கு.

சரி, என்ன செய்வது? கரண்டை நிறுத்திவிட்டு, நூல் உதிராத பழைய பருத்தித் துணியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடை. பாமசியில் கிடைக்கும். ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் நெருப்பு வேண்டாம். துணி கறுக்காமல் வரும்வரை இடத்தை மாற்றி மாற்றித் துடைத்துவிட்டு, கடைசியில் உலர்ந்த துணியால் ஒரு தடவை. பெயின்ட் அடித்த இடத்தில் மட்டும் படக்கூடாது, உரிந்துவிடும். அவசரத்துக்குப் பேரனின் அழிறப்பரும் போதும், துகளை ஊதிவிட மறக்காதே.

எல்லாரும் தண்டவாளத்தையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள், சக்கரத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சக்கரம் அழுக்காக இருந்தால் ஒரே சுற்றில் பாதை பழையபடி ஆகிவிடும். ஒரு டிஷ்யூத் தாளை அதே ஆல்கஹாலில் லேசாக ஈரமாக்கித் தண்டவாளத்தின் குறுக்கே போடு. இன்ஜினின் முன்பக்கச் சக்கரங்கள் தாளிலும், பின்பக்கச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்கட்டும். இன்ஜினைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கரண்டைக் கொடு. தாளில் இரண்டு கறுப்புக் கோடு விழும். பேரனைக் கூப்பிட்டுக் காட்டு, அவனுக்குப் பிடிக்கும். அப்புறம் இன்ஜினைத் திருப்பி வைத்துப் பின்பக்கச் சக்கரங்கள். ரப்பர் வளையம் மாட்டிய சக்கரம் இருந்தால் அதை மட்டும் ஈரம் படாமல் உலர்ந்த துணியால் துடை.

எண்ணெய் ஊசி முனையில் நிற்கிற அளவுதான். மாப்பிள்ளைக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்.

நீ விட்டுப்போன பழைய கோச்சி செட்டை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட விடுகிறேன். இந்தப் பனிமூட்டத்தில் சும்மா கிடந்தால் இரும்புத் தண்டவாளம் துருப்பிடித்துவிடும். பெட்டிகளில் இருப்பது இன்னும் அந்தப் பிளாஸ்டிக் சக்கரங்கள்தான், அழுக்கை இழுத்து இழுத்துப் பாதை முழுக்கப் பூசுகின்றன. அங்கே உலோகச் சக்கரம் கிடைத்தால் வாங்கி, இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. வாங்குவதற்கு முன் அச்சின் நீளத்தை நான் அளந்து சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா