வாடகை ஸ்கூட்டர் காயங்களைத் தனியாக எண்ண வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்குக் கரையின் அறுகம்குடாவில் சுற்றுலா சீசன் தொடங்கிவிட்டால் கடைக்குக் கடை வாடகை ஸ்கூட்டர் நிற்கிறது. இப்போது பெற்றோல் வண்டிகளோடு மின்சார வண்டிகளும் சேர்ந்துவிட்டன. ஒரு சீசனில் இவற்றால் எத்தனை பேர் காயப்படுகிறார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். நான் கேட்ட எவரிடமும் பதில் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். அவசர சிகிச்சைப் பிரிவில் நான் வேலை செய்த காலத்தில், பாணமை வீதியில் சறுக்கி விழுந்த சுற்றுலாப் பயணிக்கும் பிரதான வீதியில் லொறியில் அடிபட்டவருக்கும் பதிவேட்டில் ஒரே சொல்தான்: வீதி விபத்து. வண்டி வாடகையா சொந்தமா, தலையில் ஹெல்மெட் இருந்ததா என்று யாரும் எழுதுவதில்லை. எழுத இடமும் இல்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் அரைக்காற்சட்டையும் வெறுங்காலுமாக வருவார்கள். முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்து, அதற்குள் மணலும் தார்த் துகளும் அப்பியிருக்கும். சேலைன் ஊற்றிக் கழுவி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், விட்டால் பழுக்கும். கை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டு போயிருக்கும். அந்த வலியிலும் சிலர் கேட்பது, நாளைக்குக் கடலில் இறங்கலாமா என்றுதான்.

அமெரிக்காவில் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தென் கலிபோர்னியாவின் இரண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு வருடத்தில் பதிவான மின்சார ஸ்கூட்டர் காயக்காரர் 249 பேரை எடுத்துப் பார்த்தது. 100 பேருக்குத் தலையில் காயம், 79 பேருக்கு எலும்பு முறிவு. ஓட்டியவர்களில் ஹெல்மெட் போட்டிருந்ததாகப் பதிவானவர்கள் 10 பேர் மட்டுமே. 21 பேர் ஸ்கூட்டரில் ஏறவே இல்லை. அடிபட்டவர்களும் வழியில் கிடந்த வண்டியில் தடக்கி விழுந்தவர்களும் அதில் அடக்கம். அது நின்றபடி ஓட்டும் சிறு வண்டி, நம்முடையது உட்கார்ந்து ஓட்டுவது. அதனால் இந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் எண்ணியதால்தானே அங்கே தெரிந்தது. 2020 ஒக்டோபரிலிருந்து அமெரிக்க வைத்தியசாலைகளில் அந்த வண்டிக்கென்று தனிக் குறியீடே இருக்கிறது. பாரிஸ் நகரத்தில் 2023 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுத்து, அதே வருடம் செப்டெம்பரிலிருந்து அந்த வகை வாடகை ஸ்கூட்டர்களை நிறுத்தினார்கள்.

தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. வாடகைக்குக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்த பிள்ளைகள், சீசன் உழைப்பில்தான் வருடம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். ஆனால் மின்சார வண்டியைத் திருகியவுடனேயே மோட்டார் முழு இழுவையையும் கொடுக்கும், சத்தமும் வராது. வலப்பக்கம் ஓட்டிப் பழகிய ஒருவர், மாடு படுத்திருக்கும் வீதியில், இருட்டிய பிறகு அதை ஓட்டுகிறார். நடந்து போகும் நம் சனத்துக்கு அது பின்னால் வருவதே கேட்காது. ஓட்டுபவரிடம் இங்கு செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லையென்றால், அடிபட்டவருக்குக் காப்புறுதிப் பணம் எடுப்பதும் இழுபறிதான்.

சுகாதாரப் பணிப்பாளருக்கு என் வேண்டுகோள் சின்னது. கரையோர வைத்தியசாலைகளுக்கு ஒரு ரப்பர் முத்திரை செய்து கொடுங்கள். வாடகை, மின்சாரம், ஹெல்மெட், அனுமதிப்பத்திரம் என்று நாலு கட்டம் போதும். வேலை நெருக்கடியிலும் தாதி சரி போட ஐந்து விநாடி எடுக்காது. மாதக் கணக்கைப் பிரதேச சபைக்கு அனுப்புங்கள். வியாபார அனுமதி புதுப்பிக்கும்போது ஆளுக்கு அளவான ஹெல்மெட் இருக்கிறதா, அனுமதிப்பத்திரம் பார்த்துத்தான் வண்டி கொடுக்கிறார்களா என்று சபை அதை வைத்துக் கேட்கட்டும்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கோமாரி.