பகல்வீட்டைத் திறந்து கொடுங்கள்: எங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும், எங்கள் வார்டு மெம்பர் உள்ளிட்ட ஆட்சிக் குழுவினருக்கும்,

வணக்கம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பகலில் கூடியிருக்கும் இடமான பகல்வீடு பூட்டிக் கிடக்கும் கதையை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூரை ஒழுகுகிறது, ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று பூட்டினீர்கள். கூரை வேலை முடிந்து ஒரு மழைக்காலமும் போய்விட்டது. இப்போது உள்ளே, நம் கேரளத்தில் குப்பை சேகரிக்கும் பெண்கள் குழுவான ஹரித கர்ம சேனை வீடு வீடாக வாங்கி வந்த பிளாஸ்டிக் மூட்டைகள் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. அந்தப் பெண்கள் மேல் எனக்குக் குறையில்லை. வெயிலில் அலைகிறவர்கள், அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். அது பெரியவர்களின் இடமாக இருக்கக்கூடாது. பகல்வீட்டைத் திறந்து கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன மாதம் எங்கள் வீதியில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். தனியாக இருக்கும் ஆத்தா, வயது எண்பதை நெருங்குகிறது. மகன் திருப்பூரில், மகள் பொள்ளாச்சியில். காலையில் பாத்திரம் கழுவப் புழக்கடைக்குப் போனவர் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் போன நேரம். நானும் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன்தான். சாயங்காலம் பால் ஊற்ற வந்தவர் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அதுவரை முந்தானையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வாய் தண்ணீரில்லாமல், வெயிலிலேயே கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பகல்வீடு இருந்திருந்தா பத்தரைக்கே ஆள் வந்திருக்கும் கண்ணு" என்றார்.

அவர் சொன்னது ஆற்றாமைப் பேச்சு இல்லை, நடந்துகொண்டிருந்த காரியம். பத்து மணிக்குள் எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் வரவில்லை என்றால், ஏன் காணோம் என்று பேச்சு எழும். நடக்கத் தெம்புள்ள யாராவது போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். சுகர் மாத்திரை போட்டாயா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். தரையில் செங்கல் துண்டால் கட்டம் கிழித்துத் தாயம் உருட்டுவார்கள், சண்டையும் போடுவார்கள். என் அம்மா அதற்காகவே காலையில் தலைவாரி, துவைத்த சேலை கட்டிக் கிளம்புவார். இப்போது நாங்கள் செய்து வைத்துவிட்டுப் போகும் மதியச் சோறு சாயங்காலம் மூடியபடியே இருக்கிறது. ஒத்தையில் உட்கார்ந்து தின்னப் பிடிக்கவில்லை என்கிறார்.

இது எங்கள் ஊர்க் கிழவிகளின் செல்லம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க வைத்திருக்கும் கேள்வித்தாளில் உடல், மனம், சமூக உறவு, சுற்றுப்புறம் என்று நான்கு பகுதிகள் உண்டு. பணம் போதுமா என்பது சுற்றுப்புறம் என்ற பகுதியில் ஒரே ஒரு கேள்வி. மனிதர்களோடு இருக்கும் உறவுக்கோ தனிப் பகுதியே இருக்கிறது. 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் இருந்தது. நல்ல உறவுத் துணை உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். எங்கள் ஆத்தா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னதும் இதைத்தான்.

அரசு செய்வதை நான் மறைக்கவில்லை. முதியோர் பென்ஷன் 1600 ரூபாயிலிருந்து 2000 ஆகியிருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்து ஆட்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தீராத நோயில் இருப்பவர்களின் வேதனையைக் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் கொள்கையை 2008-இலேயே கொண்டுவந்த மாநிலம் இது. படுத்த படுக்கையானவர்களைத் தேடி நர்ஸ் வருகிறார். முதியோர் கமிஷனுக்கு நாட்டிலேயே முதலில் 2025-இல் சட்டம் போட்டதும் கேரளம்தான். எல்லாம் பெருமைதான். ஆனால் விழுந்த பிறகு வருகிற நர்ஸுக்கு வழி செய்த நாம், விழுந்ததும் தெரிந்துகொள்ள இருந்த ஒரே ஏற்பாட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

டவுனில் இருக்கும் பகல்வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். இரண்டு பஸ் மாறி, மூட்டுவலியோடு யார் போவது? போனாலும் அங்கே பேச்செல்லாம் மலையாளம். கடையில் சாமான் வாங்க அது போதும், மனசுவிட்டுப் பேச வராது. மேலதிகாரிகளுக்குத் தமிழில் மனு கொடுத்தோம், பதில் மலையாளத்தில் வந்தது. கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் அதை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. 1956-இல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது எங்கள் பெரியவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். ஓட்டுரிமை வந்த நாள் முதல் இங்கேதான் ஓட்டுப் போடுகிறார்கள். தண்ணீருக்கு நின்றார்கள், பஸ்ஸுக்கு நின்றார்கள், இந்த வயதிலும் ஒரு காகிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடி நிற்க வேண்டுமா?

சரி, அந்த மொழி விஷயத்தை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். இன்று கேட்பது ஒன்றுதான், பணிவோடு கேட்கிறேன்: பகல்வீட்டைத் திறந்து கொடுங்கள். மூட்டைகளுக்கு வேறு இடம் பாருங்கள். கழிப்பறையில் பிடித்து எழ ஒரு கம்பி வையுங்கள். முன்பு பார்த்துக்கொண்ட அம்மாவையே மறுபடி வேலைக்குக் கூப்பிடுங்கள், யாருக்கு என்ன மாத்திரை என்று அவருக்குத் தெரியும். சுத்தம் செய்யவும் வெள்ளையடிக்கவும் எங்கள் வீதிக்காரர்கள் வருகிறோம், கூலி வேண்டாம். அடுத்த கிராம சபைக்கு முன்னால் திறக்கும் தேதியை முடிவு செய்து, பெரியவர்கள் படிக்கிற மாதிரி தமிழில் எழுதி அந்தக் கதவிலேயே ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பஞ்சாயத்துவாசி ஒருவன்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்