ஆண்டறிக்கை: மனநலப் பராமரிப்பில் மாணவர் பயிற்சி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன, வேண்டியவர்கள் பார்க்கலாம். தணிக்கை செய்த வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு நேராக வந்துவிடுகிறேன். மருத்துவம், செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி, பல் மருத்துவம், சமூகப்பணி படிக்கும் இளநிலை மாணவர்களை ஒரே அறையில் உட்கார வைத்து மனநலப் பராமரிப்பில் பயிற்சி கொடுத்தோம்.

“மனநலம் என்றால் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தந்தால் போதாதா, பல் டாக்டருக்கு எதற்கு?” என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி, உலகில் எட்டில் ஒருவர், அதாவது சுமார் 97 கோடிப் பேர், ஏதாவது ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் மனநல மருத்துவரின் வாசலை மிதிப்பதே இல்லை. பல்வலிக்கும் முதுகுவலிக்கும் போவார்கள், மருந்துக்கடைக்குப் போவார்கள். இன்னொன்றும் உண்டு. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். இதற்குப் பெரும் காரணம் இதயநோய் போன்ற உடல் நோய்கள். நெஞ்சுவலி என்று வருபவரின் பழைய சீட்டில் மனநோய் என்று எழுதியிருந்தால், “எல்லாம் மனசுதான்” என்று அனுப்பிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சேர்ந்து படிப்பது நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல. பல துறையினர் ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. நோயாளியாக நடிக்க ஆள் வைத்துக் கற்பிப்பதும் 1963-இல் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கிவைத்த பழைய முறைதான்.

அப்படி ஓர் அமர்வை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன். நம் உறுப்பினர் ஒருவர் முதுகுவலி நோயாளியாக நடித்தார். மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் இருமுனைக் கோளாறுக்கு, அதைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தைப் பல வருடமாகச் சாப்பிடுபவர். வலிக்குத் தானாகவே ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இதுதான் அவருக்குக் கொடுத்த கதை. கை நடுங்குவதையும் நடை தள்ளாடுவதையும் முதலில் கவனித்தவர் பிசியோதெரபி மாணவி. வயிறு எப்படி இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டவர் செவிலிய மாணவர்; இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு என்பது அப்போதுதான் வெளியே வந்தது. வலி மாத்திரையின் பெயரைக் கேட்டதும் மருந்தியல் மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மாத்திரை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும், உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு இன்னும் ஏறி நஞ்சாகலாம், நடுக்கமும் தள்ளாட்டமும் அதனால் இருக்கலாம் என்றார். உடனே மருத்துவமனைக்கு அனுப்பி ரத்தத்தில் லித்தியம் அளவும் சிறுநீரகச் செயல்பாடும் பார்க்க வேண்டும் என்று முடித்தவர் மருத்துவ மாணவர். தனித்தனியாக விட்டிருந்தால் நால்வரில் ஒருவர்கூட முழுக்கதைக்கு வந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். லித்தியத்தால் வாய் வறண்டு பல் சொத்தையாகும் என்று பல் மருத்துவ மாணவர் கடைசியில் சொன்னபோது, கேள்வி கேட்ட மூத்த உறுப்பினரைத்தான் நினைத்துக்கொண்டேன்!

அடுத்தது தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பது. கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் எல்லாத் துறை மாணவர்களுக்கும் இருந்தது. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதைச் சொன்னதும் தலையாட்டினார்கள். ஆனால் நோயாளிக்கு எதிரே உட்கார வைத்ததும், “தப்பா எதுவும் யோசிக்கலையே?” என்றுதான் வாயில் வந்தது. இப்படிக் கேட்டால் யாரும் “இல்லை” என்றுதான் சொல்வார்கள். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 வினாப்பட்டியலில் இதைப் பற்றியே கேட்கும் ஒன்பதாவது கேள்வியையும் சிலர் வேகமாக வாசித்துத் தாண்டினார்கள். “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று முகம் பார்த்து நிதானமாகக் கேட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பதற்குத் திரும்பத் திரும்பப் பழக வேண்டியிருந்தது. சும்மா இருப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம். “ஆமாம்” என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் யாரிடம் சேர்ப்பது என்பதையும் துறைவாரியாக எழுதிக்கொண்டார்கள்.

மனநோயிலிருந்து மீண்டு வருபவர்கள் சிலர் ஆசிரியர்களாக வந்தார்கள். நோயறிகுறிகளைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. வேலைக்குப் போவது, மாத்திரையால் எடை கூடியது, மருத்துவமனையில் தன்னிடம் பேசாமல், உடன் வந்தவரிடமே எல்லாரும் பேசியது, இவைதான் பேச்சு. மனநோயாளிகள் மீதான ஒதுக்கலைக் குறைப்பதில் விரிவுரையைவிட இத்தகைய நேரடிப் பழக்கம் நன்றாக வேலை செய்கிறது என்பது வெளியே ஆய்வுகளும் சொல்வது. அவர்களுக்கு மற்ற ஆசிரியர்களுக்குத் தந்த அதே மதிப்பூதியத்தைத் தந்தோம். இதில் பேரம் பேசக் கூடாது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

மனநோயில் சிலருக்குக் கேட்கும் இல்லாத குரல்கள் எப்படியிருக்கும் என்று காட்ட, மாணவர்களின் காதில் ஒலிப்பானை மாட்டி அத்தகைய குரல்களைக் கேட்க வைக்கும் பயிற்சியையும் சேர்க்கலாமே என்று சிலர் சொன்னார்கள். சேர்க்கவில்லை. அது பரிவைக் கூட்டினாலும், “இவர்களை விட்டுத் தள்ளியே இருப்போம்” என்ற எண்ணத்தையும் சேர்த்துக் கூட்டக்கூடும்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. ஆறு துறைகளின் பாடவேளையை ஒன்று சேர்ப்பது பெரிய தலைவலி. ஒரு துறைக்கு விடுமுறை என்றால் இன்னொன்றுக்குத் தேர்வு. செவிலிய மாணவர்கள் இரவுப்பணி முடித்துத் தூக்கக் கண்களோடு வந்தார்கள். தொடக்கத்தில் மருத்துவ மாணவர்கள் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழுத் தலைமையைச் சுழற்சியில் விட்ட பிறகு அது ஓரளவு மாறியது. வகுப்பு முடிந்ததும் தங்கள் சொந்தக் கவலையோடு வந்து நின்ற மாணவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒவ்வொரு அமர்விலும் ஆலோசகர் ஒருவர் இருந்தார். மதிப்பெண் போடுபவர் அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்பதையும் விதியாக வைத்திருக்கிறோம்.

கடைசி மணி நேரத்தில் நிரப்பித் தரும் கருத்துப் படிவங்களில் எல்லாமே “மிக நன்று” என்றுதான் வரும். அவற்றை இங்கே வாசித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சில மாதம் கழித்து வார்டிலும் வெளிநோயாளர் பிரிவிலும் அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்தால்தான் பயிற்சி மனதில் நிலைத்ததா என்பது தெரியும். அதற்கு மூத்தவர்களின் மேற்பார்வை தேவை, அதில்தான் நமக்கு ஆள் பற்றாக்குறை. வரும் ஆண்டில் முதலில் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தரவும், அப்புறம் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளவும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

இடம் தந்தவர்களுக்கும், நோயாளியாக நடித்த உறுப்பினர்களுக்கும், ஊதியம் வாங்காமல் வந்த பேராசிரியர்கள் சிலருக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையையும் மேற்சொன்ன இரு பரிந்துரைகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்