பாலத்துக்குக் கோடு இழுத்துத் தரக் கோரும் நான்காவது மனு

பெறுநர்
உயர்திரு கோட்டப் பொறியாளர் அவர்கள்

பொருள்: ஆற்றுப் பாலத்தின் வழுக்கும் கான்கிரீட் தளத்தில் குறுக்குக் காடி (கோடு போன்ற சிறு பள்ளம்) வெட்டித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாலத்தின் மேற்குக் கரையில், பிள்ளையார் கோயிலை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது ஜீப் நின்ற இடம்தான். குறைதீர் நாளில் இரண்டு மனு கொடுத்தேன், பதிவுத் தபாலில் ஒன்று அனுப்பினேன். தபால்காரர் தந்த ஒப்புகை அட்டையைத் தவிர வேறு பதில் இல்லை. ஆகவே மீண்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. மேல்தளத்தைப் போட்டபோதே மொழுமொழுவென்று இழைத்துவிட்டார்கள். ஈரம் காயுமுன் துடைப்பம் இழுத்து வரி போடவில்லை. இருந்த கொஞ்ச சொரசொரப்பையும் லாரிகள் தேய்த்துவிட்டன.

2. ஓரத்து வடிகால் குழாய்கள் மண்ணடைத்துக் கிடக்கின்றன.

3. மழை பெய்தால் டயருக்கும் தளத்துக்கும் நடுவே தண்ணீர் ஏடு போல நிற்கிறது, ஓட வழியில்லை. வெயில் காலம் கழிந்து பெய்யும் முதல் மழை இன்னும் மோசம். வண்டிகள் சிந்திய எண்ணெயும் தூசியும் குழைந்து சோப்புத் தண்ணீராகிவிடுகிறது. அப்படி ஒரு விடியற்காலையில்தான் என் மனைவி விழுந்தாள். மொபெட்டை ஓட்டியவன் நான். அவள் மடியில் இட்லி மாவுத் தூக்கு. பிரேக்கைக்கூடத் தொடவில்லை, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கக் கைப்பிடியைச் சற்றுத் திருப்பினேன், அவ்வளவுதான். அவளுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. மாவு தளமெங்கும் பரவியது. பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறிப் போக, டயர்த் தடம் வரிவரியாகப் பதிந்தது. அந்தப் பாலத்தில் நான் பார்த்த முதல் கோடு அதுதான் ஐயா. கட்டுப் பிரித்த பிறகும் அவளால் குடம் தூக்க முடியவில்லை. தோசையை இடது கையால் திருப்புகிறாள். விழுகிறவர்களுக்காகச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் பஞ்சும் டிஞ்சரும் வைத்திருக்கிறேன். டீக்கடையில் இருக்க வேண்டிய பொருளா அவை?

4. டயர் வரியின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் காருக்குத் தகுதிச் சான்று தர மாட்டார்கள். மொட்டை டயருக்குச் சட்டம் இருக்கிறது. மொட்டைப் பாலத்துக்கு?

5. கொட்டகைக்குத் தளம் போடும் கொத்தனார்கூட, மாடு வழுக்கி விழக் கூடாதென்று தென்னந்துடைப்பத்தால் கோடு இழுத்துவிட்டுத்தான் கூலி கேட்கிறார்.

6. இறுகிய கான்கிரீட்டில் இனி என்ன செய்வது என்று சொல்லிவிடாதீர்கள். கடைக்கு வரும் ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர் ஒருவர் எல்லாம் விளக்கிவிட்டார். வைரப் பல் ரம்பத்தால் 3 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் காடி வெட்டலாமாம். விமான ஓடுதளங்களிலும் காடி வெட்டுகிறார்களாம். 75 மி.மீ. கனத்துக்குப் போடும் மேல்தளத்தில் 3 மி.மீ. போனால் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. நீளவாக்கில் மட்டும் வெட்ட வேண்டாம், மொபெட்டின் முன்சக்கரம் அலைபாயும். குறுக்காக வெட்டுங்கள். அவர் சொன்ன சோதனையையும் செய்து பார்த்தேன். ஒரு தீப்பெட்டி அளவு பொடிமணலைக் கொட்டி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துப் பரப்ப வேண்டும். சொரசொரப்பான தளத்தில் மணல் பள்ளங்களில் இறங்கிவிடுவதால் வட்டம் சிறுத்து நிற்கும். என் கடை வாசல் சரிவில் ஒரு சாணில் நின்றது. பாலத்தில் ஒரு முழத்துக்குப் பரவியது.

ஐயா, புதுப் பாலம் கேட்கவில்லை, விளக்குக் கேட்கவில்லை. கோடுதான் கேட்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் குறுக்குக் காடி வெட்டி, வடிகால் குழாய்களைத் தூர்வாரித் தருமாறு மீண்டும் மீண்டும் வேண்டுகிறேன். நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் தாங்கள் வரும் நாளை மட்டும் தெரிவியுங்கள். தீப்பெட்டியும் மணலும் நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்குக் கரை டீக்கடைக்காரர்