முதல் உரிமை நடப்பவருக்கு: நகரப் பூங்காக்களை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பூங்காவுக்குள் எந்த வண்டி வரலாம், எந்தப் பாதையில் யார் போகலாம் என்று விதி எழுதுகிறவர்கள் நீங்கள். அந்த விதிகளுக்கு நடுவே தினமும் நடக்கிறவர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். வண்டியின் பெயரை வைத்து விதி எழுதாதீர்கள். அது என்ன வேகத்தில், என்ன எடையோடு வருகிறது, அதே பாதையில் நடந்துகொண்டிருப்பவர் யார் என்பதைப் பார்த்து எழுதுங்கள்.

பெரும்பாலான பூங்காக்களின் வாசலில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'வாகனங்களுக்கு அனுமதி இல்லை.' படிக்கும்போது தெளிவாகத்தான் தெரிகிறது. உள்ளே போனால் குழப்பம் தொடங்கிவிடும். பக்கச் சக்கரம் வைத்த சின்ன சைக்கிளை ஒரு குழந்தை ஓட்டிக்கொண்டு போகிறது. மின்சாரச் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வருகிறார். நின்றுகொண்டே ஓட்டும் இ-ஸ்கூட்டரில் ஓர் இளைஞர் சத்தமில்லாமல் கடந்துபோகிறார். பின்னாலேயே உங்கள் தண்ணீர் லாரி வருகிறது. பலகையில் உள்ள வரி இவர்களில் யாரைத் தடுக்கிறது, யாரை விடுகிறது? காவலாளிக்கும் தெரியாது. அதனால் அவர் எளிதாகத் தடுக்க முடிந்தவரைத் தடுக்கிறார். பெரும்பாலும் அது அந்தக் குழந்தைதான்.

சட்ட அறிஞர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டார்கள். 1958-இல் எச். எல். ஏ. ஹார்ட் என்ற ஆங்கிலேயச் சட்டத் தத்துவ அறிஞர் இதே விதியைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். பூங்காவுக்குள் வாகனம் கூடாது என்றால் மோட்டார் காரை அது தடுக்கும், சரி. சைக்கிளை? ரோலர் ஸ்கேட்டை? பொம்மைக் காரை? அதே ஆண்டு அவருக்குப் பதில் எழுதிய அமெரிக்கச் சட்ட அறிஞர் லான் ஃபுல்லர், போர் நினைவாக ஓடக்கூடிய நிலையில் உள்ள ஒரு ராணுவ லாரியைப் பீடத்தின்மேல் நிறுத்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள் என்பதுதான் ஃபுல்லர் தரப்பின் வாதம். பூங்காவைப் பொறுத்தவரை எனக்கு அந்த வாதம்தான் சரியாகப் படுகிறது. இந்த விதி எதற்காக? நடப்பவர் பயமில்லாமல் நடக்க. மண்ணும் மரமும் பிழைக்க. மற்றதெல்லாம் இதிலிருந்து வர வேண்டும்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போகிறார். 25 கி.மீ. வேகத்தில் வரும் இ-ஸ்கூட்டர் ஒரு நொடியில் ஏறக்குறைய 7 மீட்டர் தாண்டிவிடும். ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அந்த 7 மீட்டர் முடிந்துவிட்டது. மோதும்போது விழும் அடியோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 10 கி.மீ. வேகத்தில் வருவதைவிட 25 கி.மீ. வேகத்தில் வருவது ஆறு மடங்குக்கும் அதிகமான ஆற்றலைச் சுமந்து வருகிறது. ஓட்டுபவர் நல்லவரா, கவனமானவரா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

சாலையில் ஒரு நடைபாதையும் அதற்கு ஒரு விளிம்பும் இருக்கின்றன. நடப்பவர் அங்கே விழிப்போடுதான் இருப்பார். பூங்காவுக்கு வருகிறவர் அந்த விழிப்பை இறக்கிவைக்கத்தான் வருகிறார். குழந்தை ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்துச் சட்டென்று குறுக்கே திரும்பும். காது மந்தமான பாட்டிக்குப் பின்னால் வரும் சைக்கிள் மணி கேட்காது. கேட்டாலும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தடுமாறி, வண்டி வரும் பக்கமே காலை எடுத்து வைப்பார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வண்டி அவர்மேல் படுவதே இல்லை. ஆனாலும் அவர் பக்கத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்கிறார். அடுத்த வாரம் அந்தப் பாதைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். உங்கள் விபத்துப் பதிவேட்டில் இது ஏறாது. பூங்காவை விட்டு விலகிப்போனவர்களை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை.

வேகத்தை விதியாக எழுத முடியுமா என்றால், முடியும். சிங்கப்பூரில் நடைபாதைக்கு 10 கி.மீ., பூங்காக்களை இணைக்கும் பாதைகள் போன்ற பொதுப்பாதைகளுக்கு 25 கி.மீ. என்று பிரித்து வரம்பு வைத்தார்கள். நடைபாதையில் இ-ஸ்கூட்டரால் தொல்லை தீரவில்லை என்று கண்டு, 2019 நவம்பரில் அவற்றை அங்கிருந்து முழுவதுமாக விலக்கினார்கள். வரம்பு வைத்தார்கள், பார்த்தார்கள், போதவில்லை என்றதும் மாற்றினார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த எண்களைவிட அந்த வரிசைதான்.

இ-பைக், அதாவது மின்மோட்டார் உதவியோடு ஓடும் சைக்கிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் மோட்டார் திறன் 250 வாட், வேகம் 25 கி.மீ. என்ற எல்லைக்குள் இருக்கும் மின்வண்டிகளுக்குச் சட்டம் தனி இடம் தருகிறது. இந்தியாவில் பதிவெண் வேண்டியதில்லை. ஐரோப்பாவில் மிதித்து ஓட்டும் வகையைச் சாதாரண சைக்கிளாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இ-பைக்குகளை மூன்று வகையாகப் பிரித்து, மூன்றாம் வகைக்கு மணிக்கு 28 மைல் வரை, அதாவது 45 கி.மீ. வரை மோட்டார் உதவியை அனுமதிக்கிறார்கள். இந்த எல்லைகள் எல்லாம் சாலையை மனதில் வைத்துப் போட்டவை. சாலையில் பதிவு தேவையில்லாத வண்டி என்பதாலேயே பூங்காவிலும் அது சாதுவான வண்டி ஆகிவிடாது. பதிவெண் இல்லையே, விட்டுவிடலாம் என்று உங்கள் ஊழியர்கள் நினைக்கும்படி விதியை வைக்காதீர்கள். என்னைக் கேட்டால், நடப்பவரும் சக்கரமும் சேர்ந்து போகும் பாதையில் 15 கி.மீ.க்கு மேல் யாருக்கும் வேலை இல்லை. கூட்ட நேரத்தில் நடை வேகம். அதைவிட வேகமாகப் போக விரும்புபவருக்குத் தனிப் பாதை வேண்டும். இடமில்லை என்றால் அந்தப் பூங்காவில் அந்த வேகமும் இல்லை.

பலகையில் எண்ணை எழுதினால் மட்டும் வேகம் குறையாது. பாதை நேராகவும் வழுவழுப்பாகவும் அகலமாகவும் இருந்தால் கால் தானாகவே அழுத்தும். பாதையை வளைத்துக் கொண்டுபோவது, இரண்டு பாதைகள் சேரும் இடத்தில் தரையின் நிறத்தையும் சொரசொரப்பையும் மாற்றுவது, வளைவில் கண்ணை மறைக்கும் புதரை வெட்டிவிடுவது ஆகியவை அபராதத்தைவிட நன்றாக வேலை செய்யும். வேகத்தடை மட்டும் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. சக்கர நாற்காலியில் இருப்பவரின் முதுகெலும்பில்தான் அது முதலில் அடிக்கிறது. இருவழிப் பொதுப்பாதைக்குக் குறைந்தது 3 மீட்டர் அகலம் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அதற்கும் குறைவான பாதையில் 'நடப்பவர், சைக்கிள் இருவருக்கும்' என்று பலகை வைத்தால் இருவரையும் மோதவிடுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

அமெரிக்காவின் மலைப்பாதைகளிலும் காட்டுப்பாதைகளிலும் நெடுநாளாக ஒரு வழக்கம் இருக்கிறது. சைக்கிளில் வருபவர் எல்லோருக்கும் வழி விட வேண்டும்; நடப்பவர் குதிரைக்கு வழி விட வேண்டும். குதிரை மிரளும் என்பதால் அந்த விதிவிலக்கு. நகரப் பூங்காவில் குதிரை அரிது, ஆகவே விதி இன்னும் எளிது: வேகமானவர் மெதுவானவருக்கு வழி விட வேண்டும். மணி அடிப்பது 'நான் வருகிறேன்' என்று சொல்வதற்கு மட்டும். 'தள்ளிப் போ' என்று சொல்வதற்கு அல்ல. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கும்வரை பின்னால் வருபவர் காத்திருக்க வேண்டும். இதைப் பலகையில் நேரடியாகவே எழுதலாம்.

இனி சக்கர நாற்காலி. இதை வாகனப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். அது அவருடைய கால். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகள், சக்கர நாற்காலியை நடப்பவர் போகும் இடமெல்லாம் போகவிட வேண்டும் என்கின்றன. நடமாட முடியாதவர் வேறு மோட்டார் கருவியில் வந்தால், அதன் அளவு, எடை, வேகம், அந்த இடத்தின் நெரிசல், சுற்றுச்சூழலுக்கு வரும் சேதம் ஆகியவற்றை எடைபோட்ட பிறகுதான் மறுக்கலாம். நான் மேலே கேட்ட முறையும் இதுதான். வண்டியின் பெயரை மட்டும் வைத்து அங்கே யாரையும் மறுக்க முடியாது.

ஆனால் நம் வாசல்களில் நடப்பதோ தலைகீழ். பைக்குகள் நுழையக் கூடாது என்று இரும்புக் கம்பங்களை நெருக்கமாக நட்டுவிடுகிறோம், அல்லது வளைந்து நுழையும் கம்பிக் கூண்டு வைக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பூங்காவின் வாசலில் ஓர் அம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். நாற்காலியின் கைவளையம் கம்பத்தில் இடித்தது. பின்னால் இழுத்து, கோணம் மாற்றி மறுபடி தள்ளினார், மறுபக்கம் இடித்தது. உட்கார்ந்திருந்த மகன் தன் விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவர்கள் திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில் ஒருவர் தன் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி, கைப்பிடியைச் சாய்த்து, அதே இடைவெளி வழியாக உள்ளே கொண்டுபோய்விட்டார். பிரிட்டனில் 2020-இல் வெளியான சைக்கிள் பாதை வடிவமைப்பு வழிகாட்டி, கம்பங்களுக்கு இடையே குறைந்தது 1.5 மீட்டர் விடச் சொல்கிறது. அந்த இடைவெளியில் பைக் நுழையும் என்பது உண்மைதான். பைக்கைத் தடுப்பது ஆளின் வேலை. கம்பத்தின் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.

அடுத்தது உங்கள் வண்டிகள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பூங்காவுக்குள் ஓடும் வண்டிகளில் மிகக் கனமானவை நிர்வாகத்தின் வண்டிகளும் அதன் ஒப்பந்தக்காரர்களின் வண்டிகளும்தான். தண்ணீர் லாரி, குப்பை வண்டி, கிளை வெட்ட வரும் டிராக்டர், மேடை போட வரும் வேன். சரக்கு ஏற்றிய லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஓட்டுநருக்குத் தெரியாத இடத்தில்தான் குழந்தையின் தலை இருக்கும். மற்றவர்களுக்கு 10 கி.மீ. என்று எழுதிவிட்டு உங்கள் வண்டியை 30 கி.மீ. வேகத்தில் விட்டால் எந்தப் பலகையையும் யாரும் மதிக்க மாட்டார்கள். கூட்டம் வருவதற்கு முன்பே வேலையை முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் கூட்ட நேரத்தில் வந்தால் நடை வேகத்தில் வர வேண்டும், முன்னால் ஒருவர் நடந்து வர வேண்டும். பின்னால் எடுக்கும்போது ஆள் நின்று வழிகாட்டாமல் சக்கரம் உருளக் கூடாது.

அப்புறம் மண். மழை பெய்த மறுநாள் ஒரு லாரி பாதையை விட்டுப் புல்லில் இறங்கித் திரும்பினால் என்ன ஆகிறது என்று அருகில் போய்ப் பாருங்கள். டயர் பதிந்த பள்ளத்தின் அடியில் மண் மெழுகிவிட்டதுபோல் பளபளக்கும். விரலால் அழுத்தினால் இறங்காது. நாலைந்து நாள் கழித்தும் பள்ளத்தில் தண்ணீர் அப்படியே நிற்கும், ஒரு அடி தள்ளி மண் காய்ந்திருக்கும். மண் துகள்களுக்கு நடுவே காற்றும் நீரும் தங்கும் இடைவெளிகள் நசுங்கிப்போனதால் வருவது இது. மரத்துக்குச் சத்தும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் அரை மீட்டருக்குள்தான் இருக்கிறது. இறுக்கத்தின் பெரும்பங்கும் முதல் சில தடவை சக்கரம் ஏறும்போதே வந்துவிடுகிறது. ஆகவே 'ஒரே ஒரு தடவைதானே' என்பது இங்கே செல்லாது. மரம் உடனே சாயாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை பட்டுப்போகும்போது யாருக்கும் அந்த லாரி நினைவில் இருக்காது. மரக்கிளைகள் பரவியிருக்கும் அளவுக்காவது அடியில் எந்தச் சக்கரமும் இறங்கக் கூடாது, எந்தப் பொருளையும் குவிக்கக் கூடாது என்று விதி வேண்டும். மண்பாதைகளை மழைக்குப் பின் காயும்வரை சைக்கிளுக்கு மூடுங்கள். நடப்பவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள்: சேற்றைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே போகச் சொல்லுங்கள். சுற்றிச் சுற்றிப் போவதால்தான் ஒற்றையடிப் பாதை நாலு அடி அகலமாகிறது.

பூங்காவைக் குறுக்குச் சாலையாக்கும் கார்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அந்த வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் வடிவமைப்புப் போட்டியில் 1858-இல் வென்ற ஓம்ஸ்டெட்டும் வோக்ஸும், குறுக்கே போக வேண்டிய நகரப் போக்குவரத்தை நான்கு தாழ்வான சாலைகளில் இறக்கிவிட்டார்கள். கோச்சு வண்டிக்கும் குதிரைக்கும் நடப்பவருக்கும் தனித்தனிப் பாதை வைத்து, அவை குறுக்கிடும் பல இடங்களில் பாலம் கட்டினார்கள். பிற்காலத்தில் கோச்சுப் பாதைகளில் கார்கள் புகுந்தன. 2018 ஜூனில்தான் அவை முழுவதுமாக வெளியேற்றப்பட்டன. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பார்க்கில் 2020-இல் முதன்மைச் சாலை ஒன்றின் ஒரு பகுதியைக் காருக்கு மூடினார்கள். 2022 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்து அதை அப்படியே நிலைக்கவைத்தார்கள். அங்கே எழுந்த எதிர்ப்பில் ஒரு நியாயமும் இருந்தது: நடக்க முடியாதவர்கள் எப்படி உள்ளே வருவது? காரை வெளியே நிறுத்தும்போதே மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடத்துக்கும் உள்ளே கொண்டுபோகும் மெதுவான வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

இளைஞர்களைக் குற்றவாளிகளாக்கும் மடல் அல்ல இது. ஸ்கேட் பலகைக்கும் சைக்கிள் பழகும் குழந்தைக்கும் வேகம் பிடித்தவர்களுக்கும் நகரத்தில் வேறு எங்கே இடம் இருக்கிறது? சாலைக்கா அனுப்ப முடியும்? ஒரு மூலையில் தளம் போட்டுக் கொடுங்கள். காலையில் சில மணி நேரம் வெளிச்சுற்றுப் பாதையைச் சைக்கிளுக்கு ஒதுக்குங்கள். இடம் கொடுத்துவிட்டுத் தடை போட்டால் கேட்பார்கள். உணவு கொண்டுபோகும் பைக்குகள் பூங்காவைக் குறுக்குவழியாக்கினால், ஓட்டுகிறவரைப் பிடித்து அபராதம் போடுவதற்கு முன் அவரை அனுப்பும் நிறுவனத்தோடு பேசுங்கள். அவருடைய வரைபடத்தில் அந்த வழி தெரிவதால்தான் அவர் வருகிறார்.

அடுத்த முறை விதிகளைத் திருத்தும்போது வரைவை வாசலில் ஒட்டுங்கள். வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், உங்கள் தோட்டத் தொழிலாளர்கள், வண்டி ஓட்டுநர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கூட்டம் மிகுந்த ஒரு மாலையில் பாதை முழுவதும் சேர்ந்து நடந்து பாருங்கள். எந்த வளைவில் எல்லோரும் ஒதுங்குகிறார்கள், எந்த வாசலில் தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்ட பிறகு எண்களை முடிவு செய்யுங்கள். ஆறு மாதம் நடைமுறையில் வைத்து, மறுபடி அதே நேரத்தில் நடந்து பாருங்கள். அழைத்தால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
பூங்காவில் தினமும் நடக்கும் ஒருவர்