ஒன்பதாவது வளைவில் நின்ற ஒரு மணி நேரம்

அன்பு மகனுக்கு,

டிசம்பர் விடுமுறையில் வந்ததும் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நீயே ஓட்டிச் செல்லப் போவதாகவும், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு மணி நேரம் நின்று ஆழியாறு அணையைப் பேத்திக்குக் காட்டப் போவதாகவும் அம்மாவிடம் சொன்னாயாம். 1998-இல் நான் உங்களுக்குக் காட்டியது போலவே காட்ட வேண்டும் என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அன்று அணையைக் காட்டுவதற்காக நான் வண்டியை நிறுத்தவில்லை.

மலையேறுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. தவறெல்லாம் இறக்கத்தில்தான். வால்பாறை ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆழியாறு அடிவாரத்துக்கு வர நாற்பது வளைவுகள்; எண்கள் அடிவாரத்திலிருந்து தொடங்குவதால் இறங்கும்போது குறைந்துகொண்டே வரும். கவர்க்கல் என்ற இடத்தின் பனிமூட்டத்தைக் கடந்து இறக்கம் தொடங்கியதும், பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி, நமது பழைய மாருதி 800-ஐ நியூட்ரலில் விட்டுவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி உருட்டிக்கொண்டு வந்தேன். தேயிலைத் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் அட்டகட்டியைத் தாண்டியபோதே கருகல் வாடை வந்தது. முன்னால் போன லாரியின் வாடை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பத்தாவது வளைவைத் திரும்பியபோது, காலடியில் கல் போல இருக்க வேண்டிய பிரேக், ஈரப் பஞ்சை மிதித்தது போல உள்ளே போயிற்று. இரண்டாம் கியரைத் திணித்து, கைப்பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒன்பதாவது வளைவில் சாலையோரம் இருந்த அகலமான இடத்தில் எப்படியோ நிறுத்தினேன்.

"ஒரு நல்ல கல்லாகப் பார்த்து எடுத்து வா" என்று உன்னை அனுப்பினேன், நினைவிருக்கிறதா? இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்து, "இது போதுமா அப்பா?" என்று கேட்டாய். முன்சக்கரத்தின் அடியில் அதை வைத்தபோது நீ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாய். சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனாலே அடுப்பின் முன் உட்கார்ந்தது போல அனல் அடித்தது.

ஏறிவந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் ஒருவர், என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, சன்னலிலிருந்து குனிந்து, "தண்ணி ஊத்திராதீங்க, தானா ஆறட்டும். எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லயே இறங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னர் பொள்ளாச்சியில் மெக்கானிக் விளக்கினார்: பிரேக் எண்ணெய் நாளாக ஆகக் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளும், சூடு ஏறினால் கொதித்து ஆவிக் குமிழாகும், எண்ணெயை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும், குமிழை அழுத்தினால் குமிழ்தான் சுருங்கும். வண்டியை வாங்கிய நாளிலிருந்து நான் அந்த எண்ணெயை மாற்றவே இல்லை.

ஆகவே, வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போதே பிரேக் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று கேள். நீ அங்கே ஓட்டிப் பழகியது தானியங்கி கியர். அப்படிப்பட்ட வண்டியே கிடைத்தால், இறக்கத்தில் வழக்கமான டி நிலையில் விட்டுவிடாமல், தாழ்ந்த கியரான எல் அல்லது கையால் மாற்றும் நிலையில் வைத்து எஞ்சினின் இழுப்பிலேயே இறங்கு. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதே. அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடு. ஏறிவரும் வண்டிக்கு எப்போதும் வழி விடு. வளைவுக்கு முன் ஒலி எழுப்பு. பேருந்து வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். இருட்டும் முன் ஆழியாறு சோதனைச் சாவடியைக் கடந்துவிடு. யானை நடமாடும் காடு அது. (பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.)

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருடங்களாக அவளுக்குத் தெரியாது என்றல்லவா நான் எண்ணியிருந்தேன்! "வாடை வந்தபோதே தெரியும். பையன் பயந்துவிடக் கூடாது என்றுதானே பாறைமேல் நின்ற வரையாடுகளை ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னேன்" என்றாள். ஏழு என்று நீ எண்ணினாயாம். எனக்கு அன்று ஒரு ஆடு கூடக் கண்ணில் படவில்லை.

அன்புடன்,
அப்பா