நற்கருணையும் பக்கத்து வீட்டு அக்காவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேளாங்கண்ணித் திருவிழா பற்றிய செய்தியைப் படித்தேன். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 வரை அங்கே தொட்டில் கட்டுபவர், மொட்டை போடுபவர், தென்னங்கன்று சுமந்து வருபவர் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர். எந்த மதம் என்று யாரும் கேட்பதுமில்லை.

ஆனால் திருப்பலியில் (பூசையில்) வழங்கும் நற்கருணை, அதற்காகத் தங்களைத் தயாரித்து வந்த கத்தோலிக்கருக்கு மட்டும்தான். இதைப் பாகுபாடு என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருமுறை எங்களோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா, “அந்த வெள்ளை அப்பம் எனக்குக் கிடையாதா?” என்று கேட்டார். எங்களுக்கு அது அப்பமல்ல, கிறிஸ்துவின் உடல் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். “சரி, மாலை போட்டு விரதம் இருந்தவங்கதான் இருமுடி கட்டுற மாதிரி” என்றார். அவருடைய கணவர் வருடந்தோறும் சபரிமலை போகிறவர். இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது!

இப்போது சில பங்குக் கோயில்களில், திருப்பலி நேரலையில் எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று குருக்கள் மறையுரையை (பூசைப் பிரசங்கத்தை) வெறும் தன்னம்பிக்கைப் பேச்சாக்கிவிடுகிறார்கள். கிறிஸ்துவின் பெயரே கடைசியில்தான் வருகிறது. அதைக் கேட்டிருந்தால் அக்காவுக்கு என்னிடம் கேட்க என்ன இருந்திருக்கும்?

– ஒரு வாசகி, தஞ்சாவூர்